பெண்ணாடம் பேனரில் நீமா

19.1 திங்கள்

பனி. எட்டரை வரைக்கும் ஜங்ஷன் பக்கம் ஒன்றும் கண்ணில் படவில்லை. ஸ்கூட்டி லைட்டைப் போட்டுக்கொண்டே ஆபீஸ்.

இன்று:
– போன வெள்ளியே அனுப்பியிருக்க வேண்டிய வெளிநாட்டு மாணவர் வாராந்திர அறிக்கை (பாஸ்வேர்டை மறுபடி மாற்றச் சொல்கிறது)
– மாணவியர் விடுதியில் முகம் பார்த்து வருகை போடும் மெஷின். மாட்ட வந்தவர்களுக்கு டீ
– கேஸ் புக் பண்ண. மறந்தாச்சு

இந்த வேலையே முன்பு கிடையாது. வெளிநாட்டுப் பிள்ளை வந்து சேர்ந்தால் அரசாங்க போர்ட்டலில் ஒரு தடவை ஏற்றிவிட்டு மறந்துவிடலாம். இப்போது புதுச் சட்டம். வகுப்புக்கு வந்ததா, எங்கே தங்கியது, ஊரை விட்டுப் போனதா, திரும்பியதா, நடத்தை எப்படி, எல்லாம் மேலே போக வேண்டும். விட்டுப்போனால் யுனிவர்சிட்டிக்கே அடி. பதிவாளர் பயந்துபோய் வெளிநாட்டு மாணவர் பிரிவு என்று ஒரு போர்டு மாட்டிவிட்டார். நான் வெ.மா.பி. என்று எழுதிக்கொள்கிறேன். பிரிவு என்றால் நான், ஒரு கம்ப்யூட்டர், சாவி இல்லாத பீரோ. பிள்ளைகள்: எத்தியோப்பியாப் பையன்கள் சிலர், இலங்கைப் பெண் ஒருத்தி, அப்புறம் தான்சானியா நீமா.

நீமா. செராமிக் எம்.டெக்., கடைசி வருஷம். களிமண்ணோடு கரும்புச் சக்கைச் சாம்பலைக் கலந்து ஓடு சுடுகிறாள். போன வருஷம் மஞ்சள் காமாலை வந்து விடுதியில் சுருண்டு கிடந்தாள். பத்தியச் சாப்பாட்டுக்காக அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டது நானேதான். சன்னதி வீதியில் அம்மா தனியாகத்தானே இருக்கிறாள், துணைக்கும் ஆச்சு என்று நினைத்தேன். போர்ட்டலில் அம்மா வீட்டை இரண்டாவது முகவரியாக ஏற்றியதும் நான். காமாலை போய்விட்டது. அவள் போகவில்லை. சனி ஞாயிறு என்றால் அங்கேதான். யாரைச் சொல்லி அழ.

நேற்று தை அமாவாசை. அப்பாவுக்குப் படையல். காக்காய்க்குச் சோறு வைக்க நான் மாடிக்குப் போனால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அக்கம்பக்கம் எட்டிப் பார்ப்பார்கள், காக்காய் மட்டும் வராது. நேற்று அம்மா இலையை நீமா கையில் கொடுத்தாள். வைத்துவிட்டு அவள் நகர்வதற்குள் இரண்டு வந்து உட்கார்ந்தன.

"பாத்தியாடி, ஒங்கப்பாவுக்கே இவளத்தான் புடிச்சிருக்குது" என்றாள் அம்மா.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அப்பாவுக்கு அவளைத் தெரியவே தெரியாது. அவர் போனபோது அவள் தான்சானியாவில் ஸ்கூல் படித்துக்கொண்டிருந்திருப்பாள்.

21.1 புதன்

தொண்டை கட்டு. மிளகு கஷாயம். இவருக்கு ரயில்வேயில் பகல் ஷிஃப்ட், டிபன் கட்டாமல் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி செந்தில் பையனுக்குக் காது குத்து. செந்திலுக்குப் பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை, குடும்பமும் அங்கேதான். மத்தியானம் பேனர் மாடல் வாட்ஸப்பில் வந்தது. "அக்கா ஓகேவா பாரு. சாயந்தரம் பிரிண்ட்டுக்குப் போயிடும்."

பார்த்தேன்.

நடுவில் முகிலன், தலையில் கிரீடம். வலப்பக்கம் தாய்மாமன்கள், கூலிங் கிளாஸ். இடப்பக்கம் அம்மா. அம்மா தோளில் கை போட்டுக்கொண்டு நீமா. பொங்கலன்று எடுத்த படம். அம்மாவின் பச்சைப் பட்டு கட்டியிருக்கிறாள். அந்தப் பட்டை நான் ஒரு தடவை கேட்டதற்கு "நீ கறையாக்கிடுவ" என்றாள்.

படத்துக்குக் கீழே 'அத்தைமார்கள்': நீமா M.Tech., (தான்சானியா). அப்புறம் சுமதி. வெறும் சுமதி. எம்.எஸ்சி. இல்லை, ஊர் இல்லை, ஒன்றும் இல்லை. என் படம் ஆபீஸ் அடையாள அட்டையிலிருந்து வெட்டியது. ஒரு காது போயிருக்கிறது. தாடைக்குக் கீழே பிரஸ்காரன் போன் நம்பர்.

செந்திலைக் கூப்பிட்டேன்.

"ஏன்டா, நீமா எப்புடிடா முகிலனுக்கு அத்த ஆவா?"

"அம்மாதான்க்கா போடச் சொன்னுச்சு."

"சொன்னா நீ போட்டுடுவியா?"

"அக்கா, எம் பொண்டாட்டி சைடுல பாரு. சிங்கப்பூரு, குவைத்து, துபாயின்னு ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல போட்டு ரொப்பி வச்சிருக்கானுங்க. நம்ம சைடுல ஃபாரின்னு சொல்லிக்க யாரு இருக்காங்க? நீ விருத்தாசலத்துல இருக்க."

கட்டைவிரல் அனுப்பிவிட்டு போனை வைத்தேன். வேறு என்ன செய்ய.

எழுதியே விடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். எனக்கும் இதே செராமிக்தான். டிப்ளமா முடித்ததும் கல்கத்தாவில் மேல்படிப்புக்கு இடம் வந்தது. பெட்டி வாங்கியாச்சு. அம்மா ஒரே வார்த்தை: "பொம்பளப் புள்ளய அவ்ளோ தூரம் அனுப்பிட்டு நான் நெஞ்சுல கைய வச்சிக்கிட்டு கெடக்கணுமா?" அத்தோடு சரி. அப்புறம் உள்ளூரில் பி.எஸ்சி., அஞ்சல் வழியில் எம்.எஸ்சி., கல்யாணம், வெ.மா.பி.

அதே அம்மா இப்போது தெருவில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம்: "கடலத் தாண்டி தனியா வந்துருக்குது பாருங்க. என்னா தைரியம்! பொண்ணுன்னா இப்படி இருக்கணும்."

எரிகிறது. கஷாயத்தால் இல்லை.

22.1 வியாழன்

பனி குறைவு. வெயில் வந்தது.

விடுதி மெஷின் இன்று முதல். ராத்திரி எட்டு மணிக்குள் எல்லாரும் வந்து முகம் காட்ட வேண்டும். இலங்கைப் பெண்ணை உடனே தெரிந்துகொண்டது. நீமாவைத் தெரியவில்லை என்கிறது. டியூப் லைட்டுக்குக் கீழே நிற்க வைத்துப் பார்த்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்தார்கள். மாட்ட வந்த பையனுக்கு வேர்த்துவிட்டது.

"கறுப்பா இருக்கறவங்கள சரியாப் புடிக்க மாட்டுது மேடம். அப்டேட் வரும்."

நீமா சிரித்துவிட்டாள். "பரவால்ல தம்பி. எங்க ஊர்ல மெஷின் உங்களப் புடிக்காது" என்றாள் தமிழில். அவனும் சிரித்தான், வார்டனும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எப்படியும் எல்லாரையும் தன் பக்கம் இழுத்துவிடுகிறாள். அப்டேட் வரும்வரை வெ.மா.பி. தரும் தகவலைப் பார்த்து வார்டனே அவளுக்குக் கையால் குறிக்க வேண்டுமாம்.

மூன்று மணிக்கு அவளிடமிருந்து வாட்ஸப். "அக்கா, சனி ஞாயிறு அம்மாகூட பெண்ணாடம் போறேன். ராத்திரி அங்கதான். ப்ளீஸ் போர்ட்டல்ல அப்டேட்." கீழே கும்பிடு, பூ, ஒரு சிரிப்பு.

ஒழுங்கானவள்தான். வெளியூரில் ராத்தங்கினால் கிளம்பும் முன் நான் ஏற்ற வேண்டும். இரண்டு நிமிஷ வேலை.

படித்தேன். நீலக் குறி விழுந்தது. போர்ட்டலைத் திறந்தேன். பச்சைப் பட்டு ஞாபகம் வந்தது. மூடிவிட்டுக் கேன்டீனுக்குப் போய் போண்டா சாப்பிட்டேன். நாளைக்குப் பார்ப்போம்.

23.1 வெள்ளி

நாளைக்கு என்றது இன்று. பார்க்கவில்லை.

வாராந்திர அறிக்கை, சனி ஞாயிறும் சேர்த்து: போன வாரத்ததைத் திறந்து தேதியை மாற்றி அனுப்பினேன். 'அனைவரும் விடுதி / பதிவு செய்த முகவரி.' மறந்துபோனேன் என்று எழுதத்தான் ஆசை. மறக்கவில்லை. ஏதாவது ஒன்று அவளுக்குச் சுலபமாக நடக்காமல் போகட்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். பெரிதாக ஒன்றும் ஆகாது. யார் பார்க்கப் போகிறார்கள்.

– முகிலனுக்கு மோதிரம் வாங்கியாச்சு
– ரவிக்கை தையல்காரர் தரவில்லை. நாளை காலை
– இவருக்கு லீவு கிடையாதாம். வழக்கம்தான்

25.1 ஞாயிறு

பெண்ணாடம் போய் வந்தாச்சு. கால் வலி.

பஸ்ஸை விட்டு இறங்கினதும் பேனர். மண்டப வாசலில் இன்னொன்று, அதைவிடப் பெரிது. கரும்பு டிராக்டர்காரன் வண்டியை நிறுத்தி இறங்கி நின்று படித்துக்கொண்டிருந்தான். "தான்சானியான்னா எங்கப்பா இருக்குது?" என்று யாரோ கேட்க, "துபாய்க்கு அந்தாண்ட" என்றான்.

நீமா நேற்றே அம்மாவோடு வந்து ராத்திரி தங்கி, தலைக்குப் பூ வைத்து, செந்தில் மனைவியின் சொந்தக்காரர்களோடு உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் அவளைத் தெரியும். என்னை ஒரு பாட்டி பார்த்து, "நீங்க மாப்ள வூட்டுக்கு என்னா வேணும்?" என்றாள். ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்.

முகிலன் மாமன் மடியில் கதறினான். ஆசாரி இரண்டாவது காதைக் குத்தியதும் ஆரத்தி. ஆரத்தி அத்தை எடுப்பது. என் மருமகன், நான் அத்தை. தட்டை எடுக்கக் குனிந்தேன். அம்மா அதற்குள் தட்டின் மறுபக்கத்தை நீமா கையில் பிடித்துக் கொடுத்துவிட்டாள். "ரெண்டு பேருமா எடுங்க."

எடுத்தோம். அவள் பக்கம் தட்டு உயர்ந்தே நின்றது, நெட்டைச்சி. மஞ்சள் தண்ணீர் என் புடவையில் சாய்ந்தது. போட்டோக்காரன் "ஆப்பிரிக்கா மேடம், கொஞ்சம் இப்படிப் பாருங்க" என்றான். ஆல்பத்தில் என் முதுகுதான் இருக்கும்.

பந்தியில் அவள் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறினாள். "அம்மா, நீ சாப்டியா?" என்று நடுநடுவே வந்து கேட்டுவிட்டுப் போகிறாள். நீ என்கிறாள். பெற்ற பிள்ளைகள் சொல்கிற மாதிரி. அம்மாவுக்கு முகமெல்லாம் பல்.

என்னை யாரும் கேட்கவில்லை. பசியில்லை என்று மோர் மட்டும் குடித்தேன். அதையும் யாரும் கவனிக்கவில்லை.

26.1 திங்கள்

கொடியேற்றம். மிட்டாய். தலைவலி. புடவையில் மஞ்சள் போகவில்லை.

28.1 புதன்

வரிசையாக எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு ஆபீஸுக்குப் போன். ஸ்பெஷல் பிராஞ்ச் ஏட்டு. வெளிநாட்டுக்காரர்களைப் பற்றிய விசாரணை எல்லாம் அவர்தான். நல்ல மனிதர், எப்போது வந்தாலும் சர்க்கரை இல்லாத டீ.

"மேடம், சனி ஞாயிறு ஒங்க தான்சானியாப் பொண்ணு எங்க இருந்துச்சு?"

வாய் தானாகச் சொன்னது: "விடுதியில, இல்லன்னா எங்கம்மா வூட்டுல சார்."

"அப்புடித்தான் மேடம் போர்ட்டல்லயும் இருக்குது. ஒங்க ரிப்போர்ட்டப் பாத்து வார்டன் நோட்டுலயும் ரெண்டு நாளும் இருக்குதுன்னு டிக் அடிச்சிருக்குது. ஆனா பெண்ணாடத்துல பஸ் ஸ்டாண்டுல போர்டுல நிக்குதே?"

"அது சும்மா போட்டோ சார்."

"போட்டோ சாம்பார் ஊத்துமா மேடம்? பந்தியில எனக்கே ஊத்துச்சு. ஒங்க தம்பி மச்சான் எனக்குப் பக்கத்து வூடு. பத்திரிக வச்சாங்க, போனேன்."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வாராந்திர அறிக்கையைத் திறந்தேன்.

"நல்ல புள்ள மேடம். ரசம் வேணுமான்னு ரெண்டு வாட்டி கேட்டுச்சு. ஆனா அது விசா நீட்டிப்பு என் டேபிள்ல இருக்குது. விசாரிச்சு எழுதணும். பாத்தத பாக்கலன்னு என்னால எழுத முடியாது பாருங்க."

நீட்டிப்பு கிடைக்காவிட்டால் நீமா அடுத்த மாதம் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஓடு பாதி சுட்டபடி. பட்டம் கிடையாது. அவள் ஊரில் இன்னும் நாலு தங்கச்சிகள், அவள் வேலைக்குப் போனால்தான் அவர்கள் படிப்பார்கள் என்று அம்மாதான் சொல்வாள்.

இதை நான் நினைக்கவில்லை. நாலு திட்டு வாங்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

இன்னொன்றும் எழுதுகிறேன், எழுதினால்தான் ஆறும். ஏட்டு போனை வைத்ததும் முதலில் மனதில் வந்தது பயம் இல்லை. அவள் போய்விட்டால் சனிக்கிழமை அம்மா வீட்டில் நான் மட்டும்தான் என்பது. ஒரு நிமிஷம் இனித்தது. அப்புறம்தான் பயம் வந்தது.

29.1 வியாழன்

மேகமூட்டம். கரண்ட் இல்லை, பதிவாளர் அறையில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு விசாரணை.

நீமா நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பதிவாளர் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

"வெளியூர் போனா ஆபீஸ்ல சொல்லணும்னு தெரியாதாம்மா உனக்கு?"

நான் அவள் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில்தான் அந்த மெசேஜ். திறந்து நீட்டினால் முடிந்தது என் கதை.

"தெரியும் சார். என் தப்புதான். அக்காகிட்ட சொல்ல மறந்துட்டேன்."

பதிவாளர் தலையில் அடித்துக்கொண்டார். மறந்தேன் என்றால் மாணவியின் குற்றம், அவள் பேரில் எழுதி அனுப்ப வேண்டும். சொன்னேன் என்றால் ஆபீஸ் குற்றம். மெசேஜ் அனுப்பியதைச் சொல்லாமல் விட்டாள்.

வெளியே வராந்தாவில் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் அப்புடிச் சொன்ன? நீதான் மெசேஜ் அனுப்புனியே."

"நீங்க வேலையில மறந்துட்டீங்க அக்கா. பரவால்ல."

"விசா போயிடும், தெரியுமா ஒனக்கு?"

"உங்களுக்கு வேல போச்சுன்னா அம்மா அழுவாங்க. அம்மாவுக்கு பிரஷர் இருக்கு, இல்ல?"

எனக்காகக் கூட இல்லை. அம்மாவுக்காக. அம்மாவுக்கு பிரஷர் இருக்கிறது என்று எனக்குச் சொல்கிறாள். மாத்திரை வாங்கிக் கொடுப்பது மாதா மாதம் நான்.

அழகு, உயரம், தைரியம், அம்மா, அப்பாவின் காக்காய். எல்லாம் அவளுக்கு. போதாதென்று நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாள். எனக்கு என்னதான் மிச்சம்?

30.1 வெள்ளி

தூங்கவில்லை. இவர் "என்னா?" என்றார். "ஒன்னுமில்ல" என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் அம்மா போன். "அந்தப் புள்ள நேத்துலேந்து சரியாவே பேசல. ஏதாவது பிரச்சனையா? நீதான அந்த ஆபீஸு, பாத்து செய்யேன்டி." நீ எப்படி இருக்கிறாய் என்ற கேள்வி இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

ஆபீஸ் போனதும் நேரே பதிவாளர் அறை. மெசேஜைத் திறந்து மேஜைமேல் வைத்தேன். தேதி, நேரம், நீலக் குறி.

"அந்தப் பொண்ணு முன்னாடியே சொல்லிடுச்சு சார். நான்தான் ஏத்தல."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு போனைக் கிட்டே வைத்துப் படித்தார்.

"ஏம்மா?"

"வேலை அதிகம் சார்."

வேறு என்ன சொல்ல. பொறாமை என்று எழுதினால் மெமோவுக்குப் பதிலாக ஏற்றுக்கொள்வார்களா?

நேர்மை, மனசாட்சி என்று யாராவது நினைத்தால் சிரிப்பேன். அவளுக்குக் கடமைப்பட்டு ஒரு நாள்கூட என்னால் இருக்க முடியாது. அவள் விட்டுக்கொடுத்து நான் வேலையில் இருப்பதா? சனிக்கிழமை அம்மா வீட்டில் அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பாடு இறங்குமா? என் வேலையை நானே கெடுத்துக்கொள்வேன். அதில் அவளுக்குப் பங்கு கிடையாது.

மத்தியானம் ஏட்டுக்குக் கடிதம் போனது. 'மாணவி முறைப்படி தெரிவித்தார். அலுவலகப் பிழை.' நான்தான் டைப் செய்தேன்.

2.2 திங்கள்

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது.

எனக்கு மெமோ. இந்த வருஷ இன்க்ரிமென்ட் கிடையாது. வேலை இருக்கிறது. போர்ட்டல் பாஸ்வேர்டு இனி பதிவாளரிடம், நான் கேட்டு வாங்கி ஏற்ற வேண்டும். சின்னப் பிள்ளைக்குப் பென்சில் கொடுக்கிற மாதிரி.

வெளிநாட்டு மாணவர்களுக்குப் புது சர்க்குலர். இதையும் டைப் செய்தது நான்:
– இரண்டாவது முகவரிகள் ரத்து. எல்லா ராத்திரியும் விடுதியிலேயே
– ஞாயிறு பகலில் மட்டும் வெளியே. ராத்திரி எட்டுக்குள் மெஷின் முன்னால்
– வெளியே இருக்கும் நேரமெல்லாம் போனில் இருப்பிடம் வார்டனுக்குத் தெரிய வேண்டும்
– குடும்ப விழாப் பேனர்களில் மாணவர் படம் இடம்பெறக் கூடாது

கடைசியை டைப் செய்யும்போது பதிவாளர் பின்னால் நின்று, "பிரிண்டிங் பிரஸ்காரனுக்கும் ஒரு காப்பி போடலாமாம்மா?" என்றார். நிஜமாகவே கேட்டார்.

எத்தியோப்பியாப் பையன்கள் வந்து சத்தம் போட்டார்கள். நாங்கள் என்ன செய்தோம் என்றார்கள். ஒன்றும் செய்யவில்லை, பாவம். என்னால் அவர்களுக்கும் சேர்த்து.

சாயந்தரம் அம்மாவிடம் சொன்னேன், நீமா இனிமேல் ராத்தங்க முடியாது என்று.

"யாருடி போட்ட சட்டம்?"

"கவர்ன்மென்ட்டு."

பாதி நிஜம்தான். அம்மா போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். நீமாவின் தலையணைக்கு உறை மாற்றி வைத்திருந்தாள், சனிக்கிழமைக்காக.

6.2 வெள்ளி

நீமாவுக்கு விசா நீட்டிப்பு வந்துவிட்டது. படிப்பு முடியும் வரை. ஏட்டே போன் செய்து சொன்னார். வராந்தாவில் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். கையெல்லாம் களிமண். என் தோளில் ஐந்து விரலும் பதிந்துவிட்டது. விலக்கிவிடத் தோன்றியது. விலக்கவில்லை.

"அக்கா, நீங்க ஏன் சார்கிட்ட சொன்னீங்க?"

"ஒனக்காவ இல்ல" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

7.2 சனி

அம்மா வீட்டுக்கு நான் போனேன், ராத்தங்க. எத்தனை நாள் ஆசை. கொளஞ்சியப்பர் கோயில் பூ வாங்கிக்கொண்டு போனேன்.

வீட்டில் சத்தமே இல்லை. அம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். டிவி ஊமையாக ஓடிக்கொண்டிருந்தது. பூவை வாங்கி சாமி படத்துக்குப் போட்டாள். நான் எதிரில் உட்கார்ந்து கீரை உருவினேன். சந்தோஷமாக இருக்க வேண்டும், வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம்.

அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டுவிட்டேன். இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை.

"ஏம்மா, என்ன ஏன் நீ அனுப்பல?"

"எங்கடி?"

"கல்கத்தாவுக்கு."

அம்மா காம்பைப் பொறுக்கிப் போட்டாள். மறந்திருப்பாள் என்று நினைத்தேன். மறக்கவில்லை.

"பயமா இருந்துச்சுடி. தனியாப் போனா பொண்ணு என்னா ஆவுமோன்னு. அப்ப எனக்கு அவ்ளோதான் தெரியும். இந்தப் புள்ளயப் பாத்தப்புறந்தான் தோணுச்சு. ஒன்னயும் அனுப்பிருக்கலாம். நீயும் நல்லாத்தான் இருந்துருப்ப."

அழுகை வந்தது. இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன் என்று அது வந்தபோதுதான் தெரிந்தது. அதையும் நீமாதான் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். நான் கண்ணெதிரே வளர்ந்து, படித்து, கெஞ்சி, புரியவைக்க முடியாததை, அவள் வந்து நாலு நாள் கஞ்சி குடித்துப் புரியவைத்துவிட்டாள்.

"ஏன்டி அழுவற?"

"கீரப் பூச்சி கண்ணுல" என்றேன்.

"கழுவிக்க" என்றாள் அம்மா.

8.2 ஞாயிறு

காலையில் நல்ல வெயில். அம்மா எனக்கு முன்னாலேயே எழுந்துவிட்டாள். வறுக்கிற வாசனை. மிளகாய் நெடியில் இருமிக்கொண்டே எழுந்தேன்.

ஒன்பது மணிக்கு நீமா வந்தாள், சாமான்களை எடுத்துப்போக. போனை எடுத்து முதலில் வார்டனுக்கு இருப்பிடம் அனுப்பினாள். அப்புறம்தான் செருப்பைக் கழற்றினாள். பழகிவிட்டது.

அவள் சாமான்: மூன்று புடவை, ஒரு கொசுவலை, சாம்பல் மூட்டை ஒன்று (செந்தில் ஆலையிலிருந்து கொண்டுவந்து போட்டது. என் வீட்டுக்கு ஒரு கிலோ சர்க்கரை கொண்டுவந்ததில்லை), அவள் சுட்ட ஓடுகள். அதில் ஒன்றை அம்மாவுக்குக் கொடுத்தாள். அம்மா அதை அப்பா படத்துக்குக் கீழே வைத்தாள்.

சாப்பாடு ஆனதும் அம்மா அடுக்களையில் உட்கார்ந்து டப்பாக்களில் போட்டு மூடினாள். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, எலுமிச்சங்காய் ஊறுகாய். ஒவ்வொன்றாக நீமாவிடம் காட்டி, "இது நல்லெண்ண ஊத்தித் திங்கணும். இது மோருக்கு. வெறும் வயித்துல ஊறுகா தொடாத, ஒனக்குக் காமால வந்த ஒடம்பு." விடுதிச் சாப்பாட்டை நினைத்து நினைத்து மூக்கைச் சிந்தினாள். நீமாவும் அழுதாள். ஸ்கூட்டியில் வைக்க நான்தான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எட்டு மணிக்குள் அவளை விடுதியில் விட வேண்டும், விடுதி நோட்டில் அவளுக்குப் பொறுப்பு என்று என் கையெழுத்துதான். அம்மா பை வாயைக் கட்டினாள். கடாயில் இட்லிப் பொடி கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"எனக்கும் ஒரு டப்பா போடும்மா" என்றேன்.

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதையும் வழித்து நீமா டப்பாவிலேயே தட்டிப் போட்டாள்.

"ஒனக்கு எதுக்குடி? நீ இங்கதான இருக்க."